அப்டேட்: காதால கேட்டு இங்கிலீஷ் ஒலிக்குறி எழுதுறது, மூணு மாசம் கழிச்சு

போன தடவ இதே த்ரெட்ல, ஆடியோ கேட்டு ஐபிஏ (எந்த மொழியோட உச்சரிப்பையும் எழுதுற ஒலிக்குறி முறை) எழுத உக்காந்தா காதுல விழுறத விட்டுட்டு ஸ்பெல்லிங்கதான் எழுதுறேன், வவல் (உயிர் ஒலி) எல்லாமே தப்பாகுதுன்னு புலம்பியிருந்தேன்ல, இப்போ நெஜமாவே முன்னேற்றம் இருக்கு.

முதல்ல பிடிபட்டது ஷ்வா, அதாவது அழுத்தம் இல்லாம லேசா வர்ற வவல், குறி தலைகீழா திருப்பிப் போட்ட இங்கிலீஷ் 'e' (ə). பனானாங்கிற (banana) வார்த்தைல மூணு 'a' இருக்குல்ல, அழுத்தம் விழுறது நடுவுல இருக்கறதுக்கு மட்டும்தான், மத்த ரெண்டும் ஷ்வா. அதனால இப்போ முதல்ல அழுத்தம் எங்கன்னு குறிச்சுட்டு அப்புறமாதான் வவல் பக்கமே போறேன், பாதி தப்பு அதுலயே போயிடுச்சு.

அடுத்தது பின் (pin), ஸ்பின் (spin). பின்ல வர்ற 'ப' காத்தோட வெடிச்சு வரும், ஸ்பின்ல அந்தக் காத்து இருக்காது, நம்ம 'ப' மாதிரியேதான். வாய்க்கு முன்னாடி ஒரு பேப்பர பிடிச்சு சொல்லிப் பாருங்க, பேப்பர் ஆடுறதுலயே தெரிஞ்சுடும்! கடல், அகம், சங்கம் மூணுலயும் 'க' வேற வேற மாதிரி ஒலிச்சாலும் நாம ஒரே எழுத்தாதான கேக்குறோம், இங்கிலீஷ்காரங்க அந்த ரெண்டு 'ப'வையும் ஒண்ணாவே கேக்குறதும் அதே கதைதான், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் இதான்.

வேகமா பேசுனா ஹேண்ட்பேக் 'ஹேம்பேக்' ஆகுறதும் இப்போ கேக்குது. கேட்டத அப்படியே எழுதுங்க, திருத்தாதீங்க.

கடைசியா, 'ஷிப்'புக்கும் (ship) 'ஷீப்'புக்கும் (sheep) வித்தியாசம் நீளம் மட்டும் இல்ல, நாக்கு இருக்குற இடமும் வேறன்னு இப்பதான் பழகிட்டு இருக்கேன்.