ரோட்டரியில் ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்தானா?

டவுன் ஹார்டுவேர்:
திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் புதுசாகச் சோலார் கடை போட்டிருக்கிற தம்பி, நாலு பேர் பழக்கம் வேண்டும், ரோட்டரி சங்கத்தில் சேரலாமா என்று நேற்று இந்தக் குழுவில் கேட்டிருந்தார். அதற்குப் பேட்டை மாவுமில் சொன்ன பதிலைப் படித்துவிட்டு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பணம் கட்டினால் யாரையும் சேர்ப்பார்களாம், அது ஒரு சாப்பாட்டுக் கூட்டமாம். அண்ணாச்சி, ஒருநாளாவது உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்தான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் முதல் கூட்டம் போட்டபோதே அப்படித்தான். பால் ஹாரிஸ் வக்கீல், ஷீல் நிலக்கரி வியாபாரி, லோர் சுரங்க இன்ஜினீயர், ஷோரி தையல்கடைக்காரர். நாலு பேர், நாலு தொழில். நாமாகப் போய் மனு நீட்டுகிற இடமும் இல்லை அது, உள்ளே இருக்கிறவர் கூப்பிட வேண்டும்.

பேட்டை மாவுமில்:
1905ஐ விட்டு இறங்கி வாரும் அண்ணாச்சி. 2001லேயே விதியை மாற்றியாச்சு. ஒரே தொழிலில் ஐந்து பேர் வரை இருக்கலாம், ஐம்பது பேருக்கு மேல் உள்ள கிளப் என்றால் பத்து சதவீதம் வரை என்று அப்போதே எழுதியாச்சு. இது தெரியாமலா இத்தனை வருஷம் சட்டையில் பின்னைக் குத்திக்கொண்டு திரிந்தீர்?

டவுன் ஹார்டுவேர்:
பேப்பரில் ஆயிரம் இருக்கும். எங்கள் கிளப்பில் ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்தான்.

சோலார் தம்பி:
அண்ணாச்சி, வருஷத்துக்குத் தோராயமாக எவ்வளவு ஆகும்?

பாளை ஆடிட்டர்:
ஹார்டுவேர் அண்ணாச்சி கிளப்பில் என்னையும் சேர்த்து மூன்று ஆடிட்டர் இருக்கிறோம். வியாழக்கிழமை ஒரே வரிசையில்தான் உட்காருகிறோம். அவருக்குக் கண்ணாடி மாற்றுகிற நேரம் வந்துவிட்டது போல.

டவுன் ஹார்டுவேர்:
ஆடிட்டர் சார், நீங்கள் ஆடிட்டர், இன்னொருவர் வருமான வரி ஆலோசகர், மூன்றாமவர் ஜிஎஸ்டி மட்டும் பார்க்கிறவர். மூன்றும் வேறு வேறு தொழில். கணக்குப் பிள்ளைக்கு இது தெரியாதா?

பாளை ஆடிட்டர்:
கணக்குப் பிள்ளை! சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஜூலை 1ஆம் தேதி புது வருஷம் தொடங்கும்போது வரவு செலவு எழுதித்தர இந்தக் கணக்குப் பிள்ளையைத் தேடி யார் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும். போன பதவியேற்பு விழாவின் பந்தல் செலவு பற்றி இங்கே நான் வாயே திறக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளும்.

தம்பிக்கு: இவ்வளவுதான் என்று ஒரு தொகை கிடையாது. அமெரிக்காவில் இவான்ஸ்டனில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்குத் தலைக்கு இவ்வளவு டாலர் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும். அப்புறம் ரோட்டரி மாவட்டத்துக்கு ஒரு பங்கு, கிளப் சந்தா, கூட்டத்துச் சாப்பாடு. இதெல்லாம் போக, ஆயிரம் டாலர் நன்கொடை கொடுத்தால் பால் ஹாரிஸ் ஃபெல்லோ என்று ஒரு பதக்கம் உண்டு, அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஆளாளுக்கு உசுப்புவார்கள். டாலர் ஏறினால் நம் சந்தாவும் ஏறும், அதை யாரும் முதலிலேயே சொல்ல மாட்டார்கள்.

அம்பை லயன்:
இதனால்தான் சொல்கிறேன் தம்பி, லயன்ஸுக்கு வாருங்கள். 1917ல் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கினார், இன்சூரன்ஸ் ஏஜென்ட். இந்தத் தொழில் கணக்கெல்லாம் எங்களிடம் இல்லை. 1925ல் ஹெலன் கெல்லர் அம்மையார் மாநாட்டுக்கு வந்து பார்வையற்றோருக்காக நில்லுங்கள் என்று கேட்டார், இன்றைக்கும் கண் முகாம் என்றால் கிராமத்து ஜனம் எங்கள் பெயரைத்தான் சொல்லும்.

டவுன் ஹார்டுவேர்:
சொல்லும் சொல்லும். முகாமில் கண் பார்க்கிறது ஆஸ்பத்திரிக்காரன், நீங்கள் வாசலில் நின்று குத்துவிளக்கு ஏற்றுவீர்கள். போலியோ சொட்டு மருந்து யார் செய்தது? 1985ல் ரோட்டரி கையில் எடுத்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவுகிற போலியோ ஒரு குழந்தைக்கும் வரவில்லை, 2014ல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்துவிட்டது. அப்பேர்ப்பட்ட இயக்கத்தில் ஒழுங்கு இருக்கும். ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்.

பாளை டாக்டரம்மா:
ஒழுங்கு பற்றிப் பேசுகிறதால் கேட்கிறேன். 1905லிருந்து 1989 வரை அந்த ஒழுங்கில் பெண்ணுக்கு இடமே இல்லையே? கலிபோர்னியாவில் துவார்தே என்கிற சின்ன ஊர் கிளப் பெண்களைச் சேர்த்தது என்பதற்காக அதன் அங்கீகாரத்தையே பிடுங்கினார்கள். கோர்ட்டுக்குப் போய், 1987ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குட்டிய பிறகுதான் கதவு திறந்தது. ஒரு தொழிலுக்கு ஒரு ஆள் என்றீர்களே, அந்த ஆள் எப்போதும் ஆம்பளையாகத்தான் இருந்தார்.

டவுன் ஹார்டுவேர்:
டாக்டரம்மா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. உங்களுக்காகத்தானே இன்னர் வீல் என்று பெண்கள் சங்கம் இருக்கிறது.

பாளை டாக்டரம்மா:
எனக்காகவா? உறுப்பினரின் மனைவி என்று போய் உட்காரவா? என் வீட்டுக்காரர் ரோட்டரியிலேயே இல்லை, நான் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறவள். இதைப் படித்த பிறகும் ஏன் பெண்கள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று யாரும் கூட்டத்தில் வியக்க வேண்டாம்.

பேட்டை மாவுமில்:
அப்படிப் போடுங்கம்மா. சேவை சேவை என்கிறார், 2023 டிசம்பர் வெள்ளத்தில் நான் பார்த்ததைச் சொல்லட்டுமா? ஆற்றுத்தண்ணீர் ஜங்ஷனுக்குள் ஏறி நிற்கிறது, மீனாட்சிபுரத்து ஜனம் மாடியில். ஒரு கிளப், பெயர் வேண்டாம், லோடு ஆட்டோ நிறைய ரொட்டிப் பொட்டலம் கொண்டுவந்து நிறுத்தியது. இறக்கவில்லை. ஏன்? பேனர் வரவில்லை. அப்புறம் பேனர் வந்தது, கட்டக் கயிறு இல்லை. ஒருத்தர் தன் வேட்டி ஓரத்தைக் கிழித்துக் கட்டினார், பொய் சொல்லவில்லை. ஒரு சின்னப் பையன் கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, பிரிக்காதே, போட்டோ எடுத்துக்கொள்கிறோம் என்று பிடித்து நிறுத்தினார்கள். அந்தப் பேனரில் தலைவர் முகம் மட்டும் ஒரு முறம் அளவு.

டவுன் ஹார்டுவேர்:
அது எங்கள் கிளப் இல்லை.

பேட்டை மாவுமில்:
நான் பெயரே சொல்லவில்லையே!

டவுன் ஹார்டுவேர்:
வேட்டி கிழித்த கதையை யார் மனதில் வைத்துச் சொல்கிறீர் என்று டவுனில் எல்லாருக்கும் தெரியும். மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்தோம், அதற்குப் போட்டோ இல்லை, அதனால் உமக்குத் தெரியவில்லை. போட்டோ எடுத்தாலும் திட்டு, எடுக்காவிட்டால் என்ன செய்தாய் என்று கேள்வி. பேட்டையிலிருந்து அன்றைக்கு யார் வந்தது? மில்லில் மாவு நனையாமல் இருந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்.

பேட்டை மாவுமில்:
நனைந்த மாவை வைத்துத்தான் அடுப்பு மூட்டிக் கஞ்சி ஊற்றினேனாக்கும்? விடும். உண்மையைப் பேசுவோம். உம்ம எதிர்க்கடைக்காரர் உள்ளே வந்துவிடக்கூடாது, அதற்குத்தானே இந்த ஒரு தொழில் ஒரு ஆள் பாட்டு?

டவுன் ஹார்டுவேர்:
எதிர்க்கடைக்காரர் பற்றி நான் ஒரு வார்த்தை பேசினேனா? அவர் வேறு கிளப்பில் சௌகரியமாக இருக்கிறார். மேலும் அவர் ஹார்டுவேரே இல்லை, சானிட்டரி.

பாளை ஆடிட்டர்:
இது புதுசாக இருக்கிறதே. அவர் பெயர் கிளப்பின் நிர்வாக போர்டுக்கு வந்தபோது, ஆணி விற்கிறார், தாழ்ப்பாள் விற்கிறார், அதனால் ஹார்டுவேர்தான், இடம் இல்லை என்று ஆட்சேபம் எழுதிக்கொடுத்தது யார் கையெழுத்து? இன்றைக்கு அவர் சானிட்டரி ஆகிவிட்டாரா? 1932ல் ஹெர்பர்ட் டெய்லர் என்கிற ரோட்டரிக்காரர் எழுதிய நாலு கேள்வியை வாராவாரம் எழுந்து நின்று ஒப்பிக்கிறோமே அண்ணாச்சி, முதல் கேள்வியே இது உண்மையா என்பதுதான்.

டவுன் ஹார்டுவேர்:
இரண்டாவது கேள்வி, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நியாயமா என்பது. போர்டில் நடந்ததைத் தெருவில் கொண்டுவந்து கொட்டுவது நியாயமா சார்? அன்றைக்கு அவர் ஆணிதான் விற்றார். வாஷ்பேசின் பிறகுதான் வந்தது.

அம்பை லயன்:
எங்களிடம் ஆணியும் வாஷ்பேசினும் ஒரே மேஜையில் சாப்பிடும்.

டவுன் ஹார்டுவேர்:
சாப்பிடும், அது தெரியும்.

பாளை டாக்டரம்மா:
சிகாகோ கிளப் 1907ல் தொடங்கிய முதல் ஊர்ச்சேவை, பொதுக்கழிப்பறை கட்ட நகராட்சியை நெருக்கியது. இங்கே ஆணியா வாஷ்பேசினா என்று போய்க்கொண்டிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் பெயர் பொறித்த சிமெண்ட் பெஞ்சு போட ஆள் இருக்கிறது, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறைக்கு ஆள் இல்லை.

டவுன் ஹார்டுவேர்:
தாழ்ப்பாள் நான் இலவசமாகவே தருகிறேன் அம்மா. மாட்டினால் மறுவாரம் கழற்றிக்கொண்டு போய்விடுகிறான், அதற்கு எந்த கிளப் பொறுப்பு?

சோலார் தம்பி:
பெரியவங்க கோபிக்க வேண்டாம். என் தொழில் எலக்ட்ரிக்கலில் வருமா, இல்லை தனியா? எலக்ட்ரிக்கலில் ஏற்கெனவே ஆள் இருந்தால் என்ன செய்வது?

டவுன் ஹார்டுவேர்:
சோலார் தனி. நான் முன்மொழிகிறேன். வியாழக்கிழமை விருந்தாளியாக வந்து உட்காருங்கள், சாப்பாடு என் கணக்கு. ஆமாம் தம்பி, பேனல் மாட்டுகிற ஆங்கிள், போல்ட்டு எல்லாம் இப்போது யாரிடம் வாங்குகிறீர்கள்?

பேட்டை மாவுமில்:
பாருங்கள், வியாபாரம் தொடங்கியாச்சு! தம்பி, எதிர்க்கடையில் விலை விசாரித்துவிட்டுப் போங்கள். ஐந்து பேர் வரை, பத்து சதவீதம் என்று 2001லேயே மாற்றியாச்சு. இன்னும் பெரிய எழுத்தில் வேண்டுமா அண்ணாச்சி?

டவுன் ஹார்டுவேர்:
எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போடும். ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்தான்.