ராமநாதபுரத்தில் சைக்காலஜிஸ்ட், இன்சூரன்ஸ் செல்லுமா?

பாம்பன்காரன்: என் தம்பிக்குச் சில மாதமாகத் தூக்கமே இல்லை, கடலுக்குப் போகவும் பயப்படுகிறான். மதுரை வரை அலையாமல் ராமநாதபுரத்திலேயே காட்ட முடியுமா? ஹெல்த் பாலிசி இருக்கிறது, அதில் பணம் கிடைக்குமா?

கீழக்கரை அக்கா: சகோ, முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து எழுதுவது அவர்தான், சைக்காலஜிஸ்ட் எழுத முடியாது. தனியார் என்றால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கூச்சமே வேண்டாம். அதுவரை அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தொண்டி ஏஜென்ட்: 2017 மனநலச் சட்டப்படி உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும். ஆனால் பெரும்பாலான பாலிசி அட்மிட் ஆனால்தான் செல்லும், வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வரும் கட்டணம் ஓபி கவர் (அட்மிட் ஆகாமல் பார்க்கும் சிகிச்சைக்கான காப்பீடு) இருந்தால் மட்டுமே. காத்திருப்புக் காலத்தையும் (பாலிசி எடுத்த பிறகு பணம் கேட்க முடியாத காலம்) பாருங்கள். கம்பெனியிடம் மெயிலில் பதில் கேட்டு வாங்குங்கள், போனில் சொல்வது எதற்கும் உதவாது (நானே ஏஜென்ட், சொல்கிறேன்).

பாம்பன்காரன்: சரி, எங்கள் பாலிசியில் ஓபி கிடையாது. திங்கட்கிழமை ஜிஹெச் போகிறோம்.