சபை வாலிபர் தலைவர்களுக்கு முதலுதவி: பயிற்சி கையில் நிற்கவில்லை

எங்கள் வாலிபர் குழுத் தலைவர்கள் எல்லோரும் முதலுதவிச் சான்றிதழ் வாங்கியவர்கள். சான்றிதழ் இன்னும் செல்லும், ஆனால் சில மாதங்களிலேயே கை மறந்துவிடுகிறது.

சிபிஆரில் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவி) மார்பு 5 முதல் 6 செ.மீ. இறங்க வேண்டும், பாதிதான் இறங்குகிறது. முழங்கை மடங்குவதுதான் முக்கியக் காரணம். தோள் நேராகக் கைக்கு மேலே வராததால் உடல் எடை இறங்குவதில்லை. வேகம் நிமிடத்துக்கு 100–120 என்பது பதற்றத்தில் 140ஐத் தாண்டுகிறது. மார்பு முழுசாக எழும்புவதற்குள் அடுத்த அழுத்தம், பிறகு இதயத்தில் ரத்தம் எப்படி நிரம்பும்? வலிப்பு என்றதும் வாயில் எதையாவது திணிக்கப் போகிறார்கள். ஒருக்களித்துப் படுக்கவைக்கத் தோன்றுவதில்லை.

போனில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் செயலி) நிமிடத்துக்கு 110இல் வைத்தோம்: வேகம் சரியானது, ஆழம் அப்படியே. வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டோம், லைக் விழுந்தது, அவ்வளவுதான். ஆழம் சரியானால் 'கிளிக்' என்று சத்தம் தரும் பொம்மையில்தான் கை திருந்துகிறது. இருப்பது ஒன்றே ஒன்று.

அடுத்த மாதம் வாலிபர் முகாம், ஆற்றங்கரையில். வாரக் கூட்டம் முடிந்து 15 நிமிடம்தான் கிடைக்கும்.

ஒரே பொம்மையை வைத்து, அந்த 15 நிமிடத்தில் 12 பேருக்கும் கை பழகுகிற மாதிரி எப்படிச் சுற்று வைக்கலாம்?