எல்க் மான் வேட்டைக்கு எந்தச் சன்னம்? 30-06 றைபிளுக்கு ஆலோசனை தேவை

கோண்டாவிலான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் ஆண்டுத்திவசத்துக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். கோண்டாவில் வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன். நான் வசிப்பது கனடாவின் கல்கரியில். துவக்கு உரிமமும் எல்க் மானுக்கான அனுமதிச்சீட்டும் கையில் உள்ளன. இந்த இலையுதிர்காலத்தில் முதன்முதலாக நானே சுடப் போகிறேன். என்னிடம் இருப்பது 30-06 என்ற ரவை போடும் றைபிள். சுடும் தூரம் பெரும்பாலும் 250 மீற்றருக்குள் இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நான் கேட்பது றைபிளைப் பற்றி அன்று, ரவையின் முனையில் இருக்கும் சன்னத்தைப் பற்றி. சென்ற ஆண்டு ஒரு நண்பருக்குத் துணையாகச் சென்றிருந்தேன். அறுபது மீற்றரில் நின்ற ஆண் மானின் முன்தோளில் அவர் சுட்டார். மான் தடுமாறி, ஊசியிலை மரங்களுக்குள் ஓடி மறைந்தது. மூன்று மணி நேரம் இரத்தத்துளிகளைத் தேடித் தேடிப் போனபோது, அது உயிருடன் படுத்திருந்தது. இரண்டாவது வெடியில்தான் முடிந்தது. இரவில் இறைச்சி வெட்டும்போது நான் விளக்குப் பிடித்தேன். தோள் இறைச்சி முழுவதும் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. எலும்பருகில் கிடந்த செப்பு உறை நசுங்கிய புளியங்கோது போல இருந்தது. ஈயம் கடுகுமணிகளாகச் சிதறியிருந்தது. நுரையீரலைத் தொட்டவை இரண்டொரு துணுக்குகளே. குறி தவறவில்லை, சன்னம்தான் உடைந்துபோனது. என் கையால் அப்படி ஒன்று நடக்கக்கூடாது என்பதற்காகவே கேட்கிறேன்.

180 கிரெயின் (சன்னத்தின் எடையளவு) ஈயச் சன்னமா, 165 கிரெயின் முழுச் செப்புச் சன்னமா? செப்பின் விலை கூட. அந்த விலைக்கு அது தகுமா?

றொக்கியடிவாரம் எழுதியது:

தம்பி, நீங்கள் கண்டதை நானும் ஆரம்பத்தில் கண்டிருக்கிறேன். மெல்லிய உறையுள்ள சாதாரணச் சன்னம் சிறிய மானுக்குப் போதும். ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள ஆண் எல்க்கின் தோளெலும்பில், அதுவும் வேகம் குறையாத அறுபது மீற்றரில் மோதினால், உடைந்து போவது இயல்பு. கிட்டத்தில் சுட்டதனால் நல்லதாயிற்று என்று பலர் நினைப்பார்கள். ஆனால் சன்னத்துக்குக் கடுமையான சோதனை கிட்டத்தில்தான் வருகிறது.

இந்தச் சிக்கல் பழையது. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோன் நொஸ்லர் என்பவர் சேறு அப்பிய ஒரு பெரிய மூஸ் (மிகப் பெரிய மான்வகை) மீது சுட்டார். சன்னங்கள் உள்ளே இறங்கவேயில்லை. அதன்பிறகுதான் அவர் நடுவில் செப்புத் தடுப்புச் சுவர் உள்ள சன்னத்தைச் செய்து, 1948இல் விற்கத் தொடங்கினார். முன்பாதி ஈயம் விரிந்து, சிதறினாலும், சுவருக்குப் பின்னால் உள்ள பாதி முழுதாக உள்ளே போகும். ‘பார்ட்டிசன்’ என்ற பெயரில் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. நான் பல ஆண்டுகள் 180 கிரெயினில் அதையே பயன்படுத்தினேன்.

இன்று உள்ளவற்றில் இன்னும் இரண்டு வகைகளைக் கவனிக்கலாம். ஒன்று, ஈயத்தையும் உறையையும் பிரியாமல் ஒட்டவைத்த சன்னம். அது காளான் போல விரியும், ஆனால் எடையின் பெரும்பகுதியை இழக்காது. மற்றது முழுச் செப்பு. முனையில் உள்ள துளை திறந்து இதழ்களாக விரியும், எடை ஏறக்குறைய அப்படியே மிஞ்சும். செப்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகையால் அதே எடைக்குச் சன்னம் நீண்டு போகும். எடை மிஞ்சுவதால் 180க்குப் பதில் 165 கிரெயின் எடுத்தாலே போதும், வேகமும் கூடும். அந்த வேகம் செப்புக்கு அவசியம்: நொடிக்கு 600 மீற்றரளவுக்குக் கீழே போனால் பல செப்புச் சன்னங்கள் சரியாக விரிவதில்லை. 30-06இல் உங்கள் 250 மீற்றருக்கு அந்த வேகம் தாராளமாக மிஞ்சியிருக்கும்.

வீட்டில் சிறுபிள்ளைகள் அந்த இறைச்சியை உண்பார்களாயின், நான் செப்பு என்றே சொல்வேன். 2008இல் நோர்த் டகோட்டாவில் ஏழைகளுக்குக் கொடுக்கப்பட்ட மான் இறைச்சியில் ஈயத்துணுக்குகள் கண்டுபிடிக்கப்பட்டு, அதை உண்ணவேண்டாம் என்று சொல்லப்பட்டது. நீங்கள் பார்த்த கடுகுமணிகள் கண்ணுக்குத் தெரிந்தவை மட்டுமே. ஒரு வேட்டைக்குச் செலவாவது ஒன்றிரண்டு ரவைகள்தானே. மிச்சம் பிடிக்கும் இடம் அதுவன்று.

உங்கள் அல்பேர்ட்டா மாகாணத்தில் பெருவிலங்குக்கு விரியாத முழுவுறைச் சன்னம் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். மலிவுப் பெட்டிகளில் அவை வரும். குறிபார்க்கப் பழகுவதற்கு மட்டும் வாங்குங்கள்.

வடகடல் எழுதியது:

நான் ஒஸ்லோவில் இருக்கிறேன். இங்கே ‘எல்க்’ என்றால் நீங்கள் மூஸ் என்று சொல்லும் விலங்கு. உங்களுடையதை வாப்பிட்டி என்றுதான் சொல்வோம். பெயரைப் பார்த்து இணையத்தில் ஐரோப்பியக் குறிப்புகளைத் தேடினால் இந்தக் குழப்பம் வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் இங்குள்ள விதி உங்களுக்கு உதவக்கூடும். நோர்வேயில் பெருவிலங்குக்குச் சன்னம் குறைந்தது 9 கிராம் இருக்கவேண்டும். 9 முதல் 10 கிராம் வரையானால் 100 மீற்றரில் 2700 ஜூல் ஆற்றல் வேண்டும். 10 கிராமுக்கு மேலானால் 2200 ஜூல் போதும். பாரமான சன்னத்துக்குச் சட்டமே சலுகை தருகிறது என்று இதைப் படிக்கலாம். 6.5x55 றைபிள் வைத்திருப்பவர்கள் இங்கே 156 கிரெயின், அதாவது 10.1 கிராம் சன்னத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் 165 கிரெயின் ஏறத்தாழ 10.7 கிராம், எடையைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை.

இன்னொன்று: நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் 30 பயிற்சி வெடிகள் வைத்தபின், 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து வெடிகளையும் போட்டுக் காட்டினால்தான் காட்டுக்குள் போகலாம். கட்டாயம் இல்லாவிட்டாலும் நீங்களும் அதைச் செய்யுங்கள். அதுவும் வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே சன்னத்தால் செய்யுங்கள். வேறொரு பெட்டி ரவையால் குறிசெய்த றைபிள் தொலைநோக்கி இந்தப் பெட்டிக்கு ஒரு சாண் விலகி அடிக்கலாம்.

ஒட்டுசுட்டான் பெரியவன் எழுதியது:

தம்பிமாரே, யாழ்ப்பாணத்தில் பிறந்து, தகப்பனார் வயல் செய்த ஒட்டுசுட்டானில் வளர்ந்தவன் நான். றைபிள் சுட்டவன் அல்லன். பெயர்க்குழப்பத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: 1840களில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் போன்ற வெள்ளைக்காரர்கள் நம்முடைய மரையைத்தான் ‘எல்க்’ என்று எழுதினார்கள். மரை இங்கே 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்படுகிறது. ஊரில் இதைப் படிக்கும் இளைஞர்கள் எவரும் இந்த ஆலோசனைகளை மரைக்கு உரியவையாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

பயிர்க்காவல் துவக்கால் ஐயா ஒருமுறை காட்டுப்பன்றிக்கு வெடிவைத்தார். பன்னிரண்டு போர் துவக்கு, எஸ்.ஜி. எனப்படும் பெரிய உருண்டைகள் கொண்ட ரவை. பன்றி முன்பக்கம் காட்டி நின்றது, ஐயா பொறுக்கவில்லை. மறுநாள் வரம்போரத்தில் அதைக் கண்டபோது, தோளின் தடித்த தோலுக்குள் உருண்டைகள் நின்றுவிட்டிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தேன். அந்த விரல் இன்றும் அதை அறியும். எந்தச் சன்னமானாலும் விலங்கு பக்கம் காட்டி, முன்கால் முன்னே எட்டிவைத்து, நெஞ்சுக்கூடு திறக்கும் வரை பொறுங்கள். செப்பு வாங்கிவிட்டோம் என்பதற்காகத் தோளெலும்பைத் தேடிச் சுடவேண்டாம்.

கோண்டாவிலான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஐயா, உங்கள் கடைசி வசனத்தை என் நண்பருக்கும் அனுப்பியிருக்கிறேன். 165 கிரெயின் செப்பையே எடுக்கிறேன். வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள். திரும்பியதும் ஒரே தொகுதி எண்ணில் மூன்று பெட்டி வாங்கி, இரண்டைக் கடதாசிக்குறியில் முடித்து, மூன்றாவதைக் காட்டுக்கு வைக்கப் போகிறேன். இந்தக் குழலில் முன்பு சுட்ட வேறு சன்னங்களின் செப்புப் படிவு இருக்கிறது. அதை முற்றாகக் கழுவிய பின்னா குறிசெய்யத் தொடங்கவேண்டும்?

றொக்கியடிவாரம் எழுதியது:

ஆம், செப்பைக் கரைக்கும் திரவத்தால் துணியில் நீலநிறம் வருவது நிற்கும் வரை துடையுங்கள். பிறகு புதிய சன்னத்தில் ஐந்தாறு வெடிகள் போனபின்புதான் குழல் நிலைப்படும். அந்த முதல் வெடிகளை வைத்துத் தொலைநோக்கியைத் திருப்பவேண்டாம். குறி நிலைத்த பின் வேட்டை முடியும்வரை குழலைக் கழுவாதீர்கள்.