கல்லீரலைக் காக்கும் மூலிகைச் சாறு: எலிக்குச் சரி, மனிதருக்கு?

கேள்வி:
கீழாநெல்லிச் சாறு நச்சிலிருந்து கல்லீரலைக் காக்கிறது என்று நிறைய எலி ஆய்வுகள் இருக்கின்றன. அப்பாவுக்கு எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) கூடியிருக்கிறது, வேறு மாத்திரைகளும் சாப்பிடுகிறார். சாறு கொடுக்கலாமா?

பதில் 1:
அந்த ஆய்வுகளில் எலிகளுக்குப் பெரும்பாலும் கல்லீரலைக் கெடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சு ரசாயனத்தைக் கொடுப்பார்கள். கல்லீரல் நொதிகள் அதை உடைக்கும்போது உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் (நிலையற்ற, எளிதில் வினைபுரியும் துகள்கள்) செல் சவ்வைச் சிதைக்கும், சாற்றில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட்கள் அதைத் தணிக்கும். ஆனால் பல ஆய்வுகளில் சாற்றை நச்சுக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள், அதைக் கவனியுங்கள். ஏற்கெனவே பாதித்த கல்லீரலுக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது.

பதில் 2:
மில்க் திஸில் செடியிலிருந்து எடுக்கும் சிலிபினினை, அமனிட்டா என்ற நச்சுக்காளான் தின்றவர்களுக்கு ஐரோப்பாவில் ஊசியாகத் தருகிறார்கள், அது நச்சு கல்லீரல் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. பாராசிட்டமால் அளவு மீறினால் முறிமருந்து அசிட்டைல்சிஸ்டீன்தான். அந்த இடத்தில் மூலிகையை நம்பி ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பதில் 3:
இன்னொன்று, சீந்தில், கிரீன் டீ சாறு மாத்திரை இவற்றாலேயே கல்லீரல் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. முதலில் அப்பா சாப்பிடும் மாத்திரைகளில் எது எஸ்ஜிபிடியைக் கூட்டுகிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
சரி, சாறை நிறுத்தி வைக்கிறேன். மாத்திரைப் பட்டியலோடு நாளைக்கே போகிறோம்.