அபலோன்: சிப்பியா, சங்கா, காதா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

உணவுத்தொழில் பயிலும் மாணவர்களுக்கான கடலுணவுக் கையேடு ஒன்றைப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கி வருகிறேன். வஞ்சிரம், இறால், நண்டு, கடம்பா வரையில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் ஒரு காலைப் பொழுது நின்றால் வேண்டிய பெயரெல்லாம் காதில் விழுந்துவிடும். 'ஒர்மோ' என்ற சொல்லில்தான் நின்றுபோனேன். பிரெஞ்சு அகராதியில் அச்சொல்லுக்கு இளம் எல்ம் மரம் என்ற பொருளும் உண்டு, ஆனால் அதன் வேர் வேறு. கடலில் வாழும் ஒர்மோ, 'கடலின் காது' எனப் பொருள்படும் 'ஆரிஸ் மாரிஸ்' என்ற இலத்தீன் தொடர் தேய்ந்து உருவானது. பாறையில் ஒட்டி வாழும், ஒற்றை ஓடுடைய கடலுயிரான அபலோன் என்று நாம் அறிந்திருப்பது இதைத்தான்.

முதல் வரைவில் அவசரத்துக்குக் 'கடற்சிப்பி' என்று எழுதிவிட்டேன். சோதனைக்காக அந்த வரைவை இங்குள்ள ஒரு விடுதியின் சமையற்கூடத்தில் கொடுத்தபோது, ஓட்டோடு உறையவைத்த அபலோன் பத்து, வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் இருந்தது. சிப்பி என்று படித்த பயிற்சி மாணவர், மட்டியைச் செய்வதுபோலவே அவற்றைக் கழுவிக் கொதிநீரில் போட்டுவிட்டு, வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தார். திறப்பதற்கு அதற்கு இரண்டாவது ஓடே இல்லை. அரை மணி நேரம் கழித்து வெளியே எடுத்த சதையைக் கத்தியால் அழுத்தினால் கத்திதான் நழுவியது. செருப்புத் தோலைக் கூட இதைவிட எளிதாக அறுத்திருக்கலாம். திட்டு வாங்கியவர் அந்தப் பையன், பிழை என்னுடையது.

மீந்த ஓடுகளில் ஒன்று இப்போது என் மேசை மீது இருக்கிறது. உள்ளங்கையளவு நீளம், வெளிப்புறம் பழைய சுவரைப் போலச் சொரசொரப்பு, உட்புறம் பச்சையும் நீலமும் இளஞ்சிவப்பும் ஓடும் முத்தின் பளபளப்பு. இடப்பக்க விளிம்பை ஒட்டி ஒரே வரிசையில் துளைகள். விளிம்புக்கு அருகிலுள்ள நான்கு திறந்திருக்கின்றன, அவற்றுக்குப் பின்னால் உள்ளவை தழும்புபோல் மூடிக்கிடக்கின்றன. ஓட்டின் அடியில் புகும் நீர் செவுள்களைக் கடந்து இந்தத் துளைகள் வழியாகவே வெளியேறுகிறது. கழிவும், இனப்பெருக்கக் காலத்தில் முட்டையும் விந்தும்கூட இவ்வழியே போகின்றன. உயிர் வளர வளர விளிம்பில் புதுத் துளை தோன்றும், பழையது அடைபடும்.

நாம் உண்பது பெரும்பாலும் அதன் கால், அதாவது பாறையைப் பற்றிக்கொண்டு ஊர்கிற தசை. அலை எத்தனை முறை அறைந்தாலும் பிடி விடாத தசை என்பதால், அதில் கொலாஜென் என்னும் இணைப்புப் புரதம் மிகுதி. இதனால் சமையலில் இதற்கு இரண்டே வழிகள்தாம் உள்ளன: மெல்லிய வில்லையாக அறுத்து, மரக்கட்டையால் தட்டி, வாணலியில் பக்கத்துக்கு அரை நிமிடம் காட்டி எடுப்பது ஒன்று, இளந்தீயில் மணிக்கணக்காக வேகவைத்து, அந்தக் கொலாஜென் கூழ்போல் இளகும்வரை பொறுத்திருப்பது மற்றொன்று. இடையில் எங்கே நிறுத்தினாலும் அந்தப் பையனுக்குக் கிடைத்ததுதான் கிடைக்கும். சீனத்தில் உலர்த்திய அபலோனை நாட்கணக்கில் ஊறவைத்துப் பிறகு நெடுநேரம் வேகவைப்பதும், ஜப்பானியர் பச்சையாகவே மெல்லிதாக அறுத்து உண்பதும் இந்த இரு முனைகளே.

ஊட்டச்சத்து அட்டவணையிலும் ஒரு சொல் உறுத்துகிறது. அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி 100 கிராம் பச்சை அபலோனில் ஏறத்தாழ 105 கலோரி ஆற்றலும், 17 கிராம் புரதமும், ஒரு கிராமுக்கும் குறைவான கொழுப்பும், 85 மில்லிகிராம் கொலஸ்ட்ராலும், 3 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட இரும்பும் உள்ளன. கூடவே 6 கிராம் கார்போஹைட்ரேட். மீனில் இது அநேகமாக இருப்பதில்லை. இதை 'மாவுச்சத்து' என்று எழுதினால், மாவு எங்கிருந்து வந்தது, மேலே தடவியதா என்று மாணவர் கேட்பார். உண்மையில் அது தசையில் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை. (மாவில் தோய்த்துப் பொரித்தால் அதே 100 கிராம் 189 கலோரியாகவும், கொழுப்பு 7 கிராமை ஒட்டியும் உயர்ந்துவிடும் என்பது வேறு கதை.)

ஆகவே எனக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர்தான், ஆனால் அது சமைப்பவரைத் தவறான அடுப்புக்கு அனுப்பக் கூடாது. கடற்காது, கடற்செவி, செவிச்சிப்பி, முத்துநத்தை என்று நான்கு எழுதி வைத்திருக்கிறேன். நான்கிலும் எனக்கு நிறைவில்லை.

புதுச்சேரியிலிருந்து.

*

அன்புள்ள அம்மா, வணக்கம்.

தங்கள் மடலைப் படித்ததும், பழைய மாணவர் ஒருவர் எனக்கு அனுப்பியிருந்த அபலோன் ஓட்டை எடுத்துக்கொண்டு கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்குப் போனேன். மீன் விற்கும் அம்மையார் ஒருவரிடம் கொடுத்து, இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிப்பிதானே சார், இன்னொரு மூடி எங்கே?" என்றார். மூடியே கிடையாது என்றதும், "அப்போ ஒத்தச் சிப்பின்னு சொல்லிக்கலாம்" என்று சிரித்துவிட்டுத் தராசுக்குத் திரும்பினார். கடலூரிலும் புதுச்சேரியிலும் கரை மணற்பாங்கானது. இவ்வுயிருக்கோ பாறையும் பாசியும் வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஹாலியோட்டிஸ் வேரியா என்ற சிறு வகை இருக்கிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் அதைப் பொரிப்பகத்தில் வளர்த்தும் பார்த்திருக்கிறது. நம் பக்கத்து மீனவர் கையில் படாத பொருளுக்கு அவர்கள் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

'ஒற்றைச்சிப்பி' கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாங்கள் சொன்ன விபத்து அதிலும் நேரும், ஏனெனில் சமையற்காரர் காதில் ஒற்றை விழாது, சிப்பி விழும். நம் மரபு இந்த வேறுபாட்டை மிகப் பழைய காலத்திலேயே தெளிவாகப் பிடித்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல், "நந்தும் முரளும் ஈரறிவினவே" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல, உரையாசிரியர்கள் நந்து என்பதில் சங்கையும் நத்தையையும், முரள் என்பதில் இப்பி என்னும் சிப்பியையும் கிளிஞ்சிலையும் சேர்த்தார்கள். இன்று விலங்கியல் வயிற்றுக்காலி என்றும் இரட்டை ஓட்டு உயிர் என்றும் பிரிப்பதும் ஏறத்தாழ இதே கோட்டில்தான். அபலோன் ஐயத்துக்கு இடமின்றி நந்துப் பக்கம். ஓட்டின் ஒரு முனையைக் கூர்ந்து பார்த்தால் சிறு சுருள் ஒன்று தெரியும். சங்கைத் தட்டையாக அமுக்கி, வாயை அகல விரித்தது போன்ற வடிவம் அது.

நத்தை வேண்டாம் என்பேன். நம் ஊர்களில் நத்தைக்கறி மூலத்துக்கு மருந்து என்ற நினைவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விலைப்பட்டியலில் அச்சொல்லைக் கண்டவர் உணவை விட்டு நோயை நினைப்பார். சங்கு என்றால் பூசையும் இழவும் நினைவுக்கு வருமே என்று குழுவில் சிலர் தடுப்பார்கள். ஆனால் கடற்கரை ஊர்களில் சங்குச்சதை உண்ணும் பொருள். அது கடினமானது, அறுத்துப் பக்குவம் பார்த்துச் சமைக்க வேண்டியது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஐவிரல் சங்கு என்று உருவத்தை அடையாக வைத்துச் சங்கோடு சேர்க்கும் வழக்கமும் அங்கே இருக்கிறது. நமக்கு வேண்டிய வார்ப்பு அதுவே.

இனி அடைமொழிக்கு வருகிறேன். கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த ஹாலியோட்டிஸ் என்ற பேரினப் பெயருக்கும் கடற்காது என்பதுதான் பொருள். 1758இல் லின்னேயஸ் வைத்தது. அதைப் பார்த்துக் 'கடற்செவி' என்று எழுதுவது மொழிபெயர்ப்பு, அவ்வளவே. எனக்குச் செவியைவிடக் காது உவப்பாக இருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. தமிழில் காது என்பது கேட்கும் உறுப்பு மட்டுமன்று, ஊசியின் துளையும் காதே. 'காதற்ற ஊசி' என்ற பட்டினத்தார் வாக்கு நம் எல்லோருக்கும் மனப்பாடம். தாங்கள் விவரித்த ஓட்டுக்கு வடிவமும் காது, விளிம்பில் வரிசையாக உள்ள துளைகளும் காது. கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் கிடைக்காத இரட்டைப் பொருத்தம் தமிழுக்குத் தானாகவே அமைந்திருக்கும்போது, மதிப்பு கருதிச் செவி என்று எழுதினால் பாதியை இழக்கிறோம்.

ஆகவே என் பரிந்துரை 'காதுசங்கு'. ஒற்று மிகாது, காது என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம், அதன் முன் வல்லினம் மிகுவதில்லை. 'காதுச்சங்கு' என்று எழுத விரல் துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். வகைப் பெயர்களுக்கும் இது வளைந்துகொடுக்கிறது: கலிபோர்னியாவின் சிவப்பு அபலோன் செங்காதுசங்கு, கறுப்பு கருங்காதுசங்கு. லின்னேயஸ் கழுதையின் பெயரால் 'அசினினா' என்று அழைத்த நீண்ட ஓட்டு வகையைக் கழுதைக்காதுசங்கு என்று எழுதிவிட்டு விடுதியில் விலைகேட்பவரின் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசைதான்.

கார்போஹைட்ரேட்டைப் பொறுத்தவரை அட்டவணையில் 'மாவுச்சத்து' என்ற தலைப்பை எடுத்துவிட்டுக் கார்போஹைட்ரேட் என்றே வைத்து, அடியில் கிளைக்கோஜன் என ஒரு வரி எழுதிவிடுங்கள். புதுச்சொல் ஆக்க வேண்டிய இடம் அதுவன்று.

கடலூர் முதுநகரிலிருந்து.

*

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ஊசிக்காது எனக்குத் தோன்றவே இல்லை. மடலைப் படித்தவுடன் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து ஓட்டின் நான்கு காதுகளிலும் கோத்துப் பார்த்தேன். கோத்தபடியே இப்போது சன்னலில் தொங்குகிறது. காதுசங்கு என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன். அபலோன் என்ற ஒலிபெயர்ப்பை முழுவதும் நீக்க எனக்கு மனம் வரவில்லை. அதுவும் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லன்று. கலிபோர்னியாவின் மான்டெரே பகுதிப் பழங்குடியினரான ரம்சென் மக்களின் சொல்லை ஸ்பானியர் எடுத்து, அவர்களிடமிருந்து ஆங்கிலம் வாங்கியது. அதைவிட முக்கியமாக, சமையற்கூடத்துக்கு வரும் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது அந்தப் பெயர்தான். எனவே ஒவ்வோர் இயலிலும் முதல் முறை 'காதுசங்கு என்னும் அபலோன்' என்றும், பிறகு காதுசங்கு என்றும் எழுதுகிறேன்.

குடல் பற்றியும் ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறேன். கொரியாவில் காதுசங்குக் கஞ்சிக்கு அரிசியோடு குடலையும் சேர்ப்பார்கள், கஞ்சி இளம்பச்சையாக வரும். ஆனால் பாசியின் பச்சையத்திலிருந்து உண்டாகும் ஒரு பொருள் இளவேனிலில் குடலில் மிகும். அதை உண்டபின் வெயிலில் நின்றால் தோல் வெந்ததுபோல் வீங்கும். வடகிழக்கு ஜப்பானில், வசந்தகாலக் காதுசங்கின் குடலைத் தின்ற பூனைக்குக் காது விழுந்துவிடும் என்று ஒரு சொலவடையே உண்டு. காதின் பெயரால் அழைக்கும் உயிர் பூனையின் காதைப் பறிக்கிறது என்பதை ஓரக்குறிப்பாக எழுதிவிட்டு, அச்சில் இடம் போதாது என்று அடித்துவிட்டேன். புதுச்சேரி வெயிலை நினைத்து, குடலை நீக்குக என்ற கட்டளையை மட்டும் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன். இறால் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம் என்பதையும் அதன் அடியில் சேர்த்திருக்கிறேன்.

திருத்திய செய்முறை இது. குறை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

"காதுசங்கு வாய் திறக்காது, திறக்கட்டும் என்று வேகவைக்காதீர்கள். உறைந்திருந்தால் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் இளகவிடுங்கள். தட்டையான கரண்டியை ஓட்டுக்கும் சதைக்கும் இடையே செலுத்தி, நெம்பி எடுங்கள். குடலையும் வாய்ப்பகுதியையும் நீக்கி, கறுத்த ஓரத்தில் கல்லுப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். அரை சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறைவான வில்லைகளாக அறுத்து, ஈரத்துணிக்கு அடியில் வைத்து, சதை தளரும்வரை மரக்கட்டையால் மெதுவாகத் தட்டுங்கள். கிழியும் அளவுக்குத் தட்ட வேண்டாம். வாணலி நன்றாகக் காய்ந்தபின் சிறிது நெய்யோ வெண்ணெயோ விட்டு, ஒரு பக்கம் அரை நிமிடம், மறுபக்கம் அரை நிமிடம். ஓரம் சுருளத் தொடங்கினால் அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். மிளகுத்தூளும் எலுமிச்சையும் தட்டில் சேர்த்தால் போதும். சதைக்கு இயல்பாகவே உப்பும் இனிப்பும் உண்டு."

வரும் சனிக்கிழமை அதே சமையற்கூடத்தில் மறுபடி செய்து பார்க்கிறார்கள். அதே பையன்தான் செய்கிறார்.

புதுச்சேரியிலிருந்து.