லா ரோக்-கஜாக்: பாறைக்கு அடியில் ஒரு வாழைமரம்

(இந்த பிரெஞ்சு ஊரைப் பற்றி நான்கு பேர் எழுதியது)

ஆத்தங்கரைக்காரன்:

பிரான்ஸ் வரைக்கும் போய் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். நடந்தது அதுதான். பொர்தோவிலிருந்து ரயிலில் சர்லா, அங்கிருந்து டாக்சி. இறங்கினால் தொர்தோன் ஆறு, ஆற்றை ஒட்டி ஒரே ஒரு ரோடு, ரோட்டை ஒட்டி வீடுகள், வீடுகளுக்கு முதுகில் செங்குத்தாக மஞ்சள் பாறை. லா ரோக்-கஜாக் அவ்வளவுதான், 400 சொச்சம் பேர் இருக்கிற ஊர்.

தேவாலயத்துக்கு ஏறுகிற சந்தில் மூங்கில், பனை மாதிரி ஏதோ ஒன்று, அப்புறம் வாழை. இலையெல்லாம் ஓரம் கிழிந்து, நம்ம கொல்லையில் கிணற்றடியில் நிற்குமே அதே மாதிரி, குலைதான் இல்லை. இந்தக் குளிர் தேசத்தில் எப்படி என்று யோசித்துக்கொண்டே பாறையில் கை வைத்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கும் மொட்டைமாடிச் சுவர் போல சூடு. ஊர் தெற்குப் பார்த்தது, வடக்குக் காற்றைப் பாறை மறித்துக்கொள்கிறது, பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி மெல்ல விடுகிறது. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

படியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் "நல்ல பாறை மதாம்" என்றேன், என் அரைகுறை பிரெஞ்சில். அவர் பதில் சொல்லாமல் மேலே கை காட்டினார். மற்ற இடமெல்லாம் கறுத்திருக்க, ஒரு இடம் மட்டும் வெளுப்பாக, தோல் உரிந்த மாதிரி. 1957 ஜனவரி 17 அன்று அங்கேயிருந்து பாறை பெயர்ந்து விழுந்ததில் வீடுகள் நொறுங்கி மூன்று பேர் செத்துப் போனார்கள். அதே பாறைக்கு அடியில்தான் இன்னும் குடியிருக்கிறார்கள். பாட்டி "வொய்லா" (அவ்வளவுதான்) என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

கபார் சவாரி:

நாங்கள் குடும்பத்தோடு ஜூலையில் போனோம். கூட்டம் என்றால் கூட்டம், வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போச்சு. படகில் காஸ்தெல்னோ கோட்டை தெரிகிற வரைக்கும் கூட்டிப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள், ஒரு மணி நேரம். தட்டையான அடிப்பாகம், கபார் என்று பெயர், பழைய சரக்குப் படகின் சாயலில் செய்தது.

எனக்குப் பிடித்தது அந்தப் பழைய படகின் கதைதான். ஆற்றின் மேல்பக்கம் அர்ஜந்தா என்ற ஊர்ப் பக்கத்துக் காடுகளில் ஓக் மரம் வெட்டி, பீப்பாய்ப் பலகையாகவும் திராட்சைக் கொடிக்கு முட்டுக்கம்பாகவும் அறுத்து, ஆற்றில் தண்ணீர் ஏறுகிற சில வாரங்களுக்குள் பெர்ஜெராக், லிபூர்ன் என்று ஒயின் ஊர்களுக்கு இறக்குவார்களாம். போய்ச் சேர்ந்ததும் படகையும் உடைத்து மரமாக விற்றுவிடுவார்கள்! எதிர்நீரில் இழுத்துக்கொண்டு வருவது கட்டுப்படியாகாது, அதனால் ஆட்கள் நடந்தே ஊர் திரும்புவார்கள். கீழேயிருந்து மேலே வந்த முக்கியச் சரக்கு உப்பு, அதற்கு வேறு படகு, கரையிலிருந்து மாடு கட்டி இழுப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் வந்தது, எல்லாம் படுத்துவிட்டது. இன்றைக்கு ஏறுகிற சரக்கு நாம்தான், டிக்கெட் வாங்கிக்கொண்டு.

கடைகளில் வாத்து ஈரல், வால்நட், வால்நட் எண்ணெய். எண்ணெயை மட்டும் வாங்குங்கள், தோசைக்கு ஆகாது, பச்சையாகக் கீரையில் ஊற்றினால் அமிர்தம்.

வரைபடப் பைத்தியம்:

ஒரு துணுக்கு. ழான் தார்த் என்ற பாதிரியார் பிறந்த ஊர் இது. 1614இல் இத்தாலிக்குப் போய் கலிலியோவையே பார்த்துப் பேசிவிட்டு வந்தவர். ஆனால் சூரியனில் தெரியும் புள்ளிகள் புள்ளிகளே இல்லை, குட்டிக் கிரகங்கள் என்று 1620இல் புத்தகம் போட்டு, அவற்றுக்கு பிரான்ஸை ஆண்ட பூர்போன் ராஜவம்சத்தின் பெயரையும் வைத்தார். ராஜாவுக்கு ஐஸ் வைப்பது அந்த ஊரிலும் உண்டு.

குளிர்காலத்தில் போனவள்:

ஜூலைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் போனது ஜனவரியில். படகு கிடையாது, திறந்திருந்த கடையை விரல் விட்டு எண்ணலாம், பாதி வீட்டில் ஜன்னல் கதவு சாத்தியே இருந்தது. கோடையில் மட்டும் வந்து போகிறவர்களின் வீடுகள் என்றார் காபி கொடுத்த அம்மா. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சம்பாதித்ததை வைத்துத்தான் மீதி மாதங்கள் ஓடுமாம். அவர் மகன் கோடையில் படகுத்துறையில் வேலை பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் சர்லாவில் கட்டட வேலைக்குப் போகிறான். ஆறு அன்றைக்குக் கலங்கி, காபி நிறத்தில், ரோட்டுக்கு ஒரு முழம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன், அந்த அம்மா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆத்தங்கரைக்காரரே, உங்கள் வாழையையும் பார்த்தேன். இலையெல்லாம் கருகித் தொங்கியது. நடுவில் குருத்து மட்டும் பச்சை.